பாலிஇமைடு + நானோகுழாய் கேத்தோடு: 183 வர வேண்டிய இடத்தில் 92தான் வருகிறது

கலம்_கட்டுபவர் (கேள்வி):

வணக்கம். லித்தியம் பேட்டரியில் உலோக ஆக்சைடே இல்லாத ஒரு கேத்தோடுக்காக (நேர்மின்முனை) பாலிஇமைடு (இமைடு வளையங்கள் கோத்த பாலிமர்) செய்து சோதித்துக்கொண்டிருக்கிறேன். நாப்தலீன் டெட்ராகார்பாக்சிலிக் டைஅன்ஹைட்ரைடு (இனி என்டிசிடிஏ), எத்திலீன்டையமீன் இரண்டையும் சம மோல் அளவில் எடுத்து, என்எம்பி என்ற கரைப்பானில் 6 மணி நேரம் ரிஃப்ளக்ஸ் (ஆவி குளிர்ந்து திரும்ப விழும்படி கொதிக்கவைத்தல்). டையமீனை என்எம்பி நன்றாகச் சூடான பிறகுதான் ஊற்றினேன். பிறகு வடிகட்டி, எத்தனாலில் கழுவி, வெற்றிட அடுப்பில் 120 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்தினேன்.

எலக்ட்ரோடு எடை விகிதம்: பாலிமர் 60, பல்சுவர் கார்பன் நானோகுழாய் 20, கார்பன் பிளாக் 10, பிவிடிஎஃப் (ஒட்டவைக்கும் பைண்டர்) 10. அகேட் கல்வத்தில் அரைத்து, என்எம்பியில் ஸ்லரியாக்கி அலுமினியத் தகட்டில் பூசினேன். 12 மி.மீ. வட்டு, சதுர செ.மீ.க்கு சுமார் 1.5 மி.கி. பூச்சு. எதிரே லித்தியம் உலோகம், சிஆர்2032 காயின் செல் கூடு. எலக்ட்ரோலைட் 1 மோலார் லித்தியம் ஹெக்சாஃப்ளூரோபாஸ்பேட், எத்திலீன் கார்பனேட் – டைமெத்தில் கார்பனேட் 1:1. வரம்பு 1.5–3.5 வோல்ட், வேகம் சி/5 (5 மணி நேரத்தில் ஒரு முழு டிஸ்சார்ஜ்).

ஒரு அலகுக்கு 2 எலக்ட்ரான் என்று கணக்குப் போட்டால் 183 மி.ஆ.மணி/கிராம் வர வேண்டும். முதல் டிஸ்சார்ஜில் 128, 30ஆவது சுற்றில் 92. கூலம்பிக் திறன் (ஏற்றிய மின்னேற்றத்தில் திரும்பக் கிடைக்கும் பங்கு) 96–97 சதவீதத்தைத் தாண்டவில்லை. பிரித்துப் பார்த்தால் செபரேட்டரில் பழுப்புக் கறை. இன்னொன்றும் கவனித்தேன்: ஸ்லரி கலக்கிய ஒரு மணி நேரத்துக்குள் நிறம் மாறி, கெட்டிப்பட ஆரம்பித்தது.

நானோகுழாயை 30, 40 சதவீதத்துக்கு ஏற்றினால் சரியாகுமா? அந்தப் பழுப்பு என்ன? நானோகுழாயின் மேலேயே பாலிமரை வளர்ப்பதுதான் வழி என்றால் அளவோடு செய்முறை கிடைக்குமா?

இமைடு_வளையம்:

நானோகுழாயை ஏற்றுவதை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். உங்கள் பாலிமரே இன்னும் முழுசாக பாலிஇமைடு ஆகவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. நீங்கள் சொன்ன எல்லா அறிகுறியும் அந்த ஒரே பக்கம்தான் கைகாட்டுகின்றன.

பழுப்பிலிருந்து தொடங்குவோம். நாப்தலீன் டைஇமைடு நடுநிலையில் இருக்கும்போது எளிதில் கரையாது. ஒரு எலக்ட்ரானை வாங்கி ரேடிக்கல் எதிரயனி ஆனதும் அடர்ந்த நிறம் பெறுகிறது, மின்னேற்றம் இருப்பதால் எலக்ட்ரோலைட்டிலும் கரையத் துணிகிறது. நீளமான சங்கிலி என்றால் அப்போதும் இடத்தை விட்டு அசையாது. நாலைந்து அலகு மட்டும் கொண்ட ஒலிகோமர் என்றால் போய்விடும். போனது லித்தியத்தைத் தொட்டு ஒடுங்கி (எலக்ட்ரான் வாங்கி), சார்ஜ் ஆகும்போது திரும்பி வந்து ஆக்சிஜனேற்றம் அடையும். சார்ஜ் கொள்ளளவு டிஸ்சார்ஜை விட எப்போதும் கூடுதலாக இருப்பதும், திறன் 96–97இல் நின்றுபோவதும் இதனால்தான்.

உறுதிப்படுத்த எளிய வழி உண்டு. ஒரு கலத்தை டிஸ்சார்ஜின் நடுவே, 2.4 வோல்ட் அருகில் நிறுத்தி, குளோவ் பாக்சுக்குள் (காற்றும் ஈரமும் புகாத பெட்டி) பிரித்து, கேத்தோடை ஒரு மில்லிலிட்டர் புதிய எலக்ட்ரோலைட்டில் போட்டு ஒரு நாள் விடுங்கள். புதிய கேத்தோடையும் அதேபோல் தனியாக ஊறப் போடுங்கள். புதியது நிறம் விடாமல், பாதி டிஸ்சார்ஜ் ஆனது மட்டும் விட்டால் ஒடுங்கிய ஒலிகோமர்தான் கரைகிறது. அந்தத் திரவத்தைக் காற்றில் திறந்தால் ஆக்சிஜன் ரேடிக்கலைத் தின்று நிறம் வெளுத்துவிடும். அதனால் கலத்தை வெளியே வைத்துப் பிரித்துவிட்டு 'கறை ஒன்றும் இல்லை' என்று முடிவுகட்டாதீர்கள்.

சங்கிலி ஏன் குட்டையானது? டையமீனைச் சூடான கரைப்பானில் ஊற்றியதுதான் முதல் சந்தேகம். எத்திலீன்டையமீன் 117 டிகிரியில் கொதிக்கும். என்எம்பி 202 டிகிரியில். ஊற்றியதில் ஒரு பங்கு வினைபுரியும் முன்பே ஆவியாகி கன்டென்சரில் ஏறியிருக்கும், நைட்ரஜன் ஓடவிட்டிருந்தால் வெளியே போயிருக்கும். இரண்டு மோனோமர் மாறி மாறிக் கோக்கும் இந்தப் படி வளர்ச்சிப் பாலிமராக்கலில் இது சின்ன விஷயமே இல்லை. ஒரு மோனோமர் 2 சதவீதம் குறைந்தால், வினை நூறு சதவீதம் முடிந்தாலும் சங்கிலி சராசரியாக 99 மோனோமரோடு நின்றுவிடும். 10 சதவீதம் குறைந்தால் 19தான். பழைய பாட்டிலாக இருந்தால் இன்னொரு வில்லங்கம்: இந்த அமீன் காற்றிலுள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்துக்கொள்ளும். மூடியைச் சுற்றி வெள்ளைத் தூள் படிந்திருந்தால் அது கார்பமேட். அந்த பாட்டிலில் எடை போட்டால் மோல் கணக்கு பொய்யாகிவிடும். காய்ச்சி வடித்து எடுங்கள், அல்லது புதிய பாட்டில் திறங்கள்.

அடுத்தது வளைய மூடல். அன்ஹைட்ரைடும் அமீனும் சேர்ந்ததும் முதலில் கிடைப்பது அமிக் அமிலம். அது நீரை இழந்து இமைடு வளையமாக மூட வேண்டும். நாப்தலீனின் அன்ஹைட்ரைடு ஆறு உறுப்பு வளையம். வேறு பாலிஇமைடுகளில் வரும் பைரோமெல்லிட்டிக் அன்ஹைட்ரைடின் ஐந்து உறுப்பு வளையத்தை விட மந்தமானது. 6 மணி நேர ரிஃப்ளக்சோடு நிறுத்தினால் மூடாத அமிக் அமிலமும், முனைகளில் அமீனும், அன்ஹைட்ரைடும் மிஞ்சும். மூடாத அலகு கொள்ளளவு தராது. அதன் அமிலப் புரோட்டான் வேறு லித்தியத்தோடு வினைபுரிந்து கொண்டே இருக்கும். நைட்ரஜன் ஓட்டத்தில் 300 டிகிரியில் 8 மணி நேரம் சூடாக்கும் படி உங்கள் செய்முறையில் இல்லவே இல்லை. 2010இல் வூஹான் பல்கலைக்கழகத்திலிருந்து இந்தப் பாலிஇமைடு கேத்தோடுகள் வெளிவந்ததிலிருந்து பெரும்பாலோர் அந்தச் சூடாக்கலை விடாமல் செய்வதற்குக் காரணம் இதுதான்.

எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு நிறமாலை) எடுத்துப் பாருங்கள்; எண்கள் எல்லாம் செ.மீ.⁻¹ அலகில். நாப்தலீன் இமைடின் கார்பனைல் 1705, 1665 அருகே இரட்டையாக நிற்கும். 1345 அருகே கார்பன்–நைட்ரஜன் பிணைப்பு. 1780 அருகில் கூர்முனை இருந்தால் வினைபுரியாத அன்ஹைட்ரைடு. 1540 அருகே ஒரு மேடும் 2500–3500இல் அகன்ற சரிவும் இருந்தால் அமிக் அமிலம். (பைரோமெல்லிட்டிக் பாலிஇமைடு செய்பவர்கள் இந்த 1780 விதியை எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே இமைடுக்கே 1775 அருகே முனை உண்டு. அன்ஹைட்ரைடு மிச்சத்துக்கு 1850 பக்கம் பார்க்க வேண்டும்.)

ஸ்லரி கெட்டிப்பட்டதும் இதே கதைதான். முனையில் மிஞ்சிய அமீன் ஒரு காரம். காரம் பட்டால் பிவிடிஎஃப் சங்கிலியிலிருந்து ஹைட்ரஜன் ஃப்ளோரைடு பிரிந்து இரட்டைப் பிணைப்புகள் உருவாகும். நிறம் கறுக்கும், பிறகு குறுக்குப் பிணைப்பு விழுந்து ஜெல் ஆகும். அந்த ஸ்லரியைப் பூசினால் காய்ந்ததும் மேலே சரியாகத்தான் தெரியும், ஆனால் தகட்டை விட்டு உரியும். அந்தப் பூச்சில் எடுத்த எண்களை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

கரிக்குழல்:

மேலே சொன்னது எல்லாம் சரி. நான் நானோகுழாய் பக்கத்தைச் சொல்றேன்.

மின்கடத்தும் வலைப்பின்னல் உருவாக நானோகுழாய் ரெண்டு மூணு சதவீதம் போதும். உங்க எலக்ட்ரோடு ஓம் மீட்டர்ல நல்லாவே கடத்தும். ஆனா கொள்ளளவு அதுல முடிவாகிறது இல்லை. பாலிமர் காப்புப்பொருள். கல்வத்துல அரைச்ச துகள் ஒரு மைக்ரான் தடிமன் இருந்தா, வெளித்தோலுக்கு மட்டும்தான் எலக்ட்ரான் போகும், உள்ளே இருக்கிறது சும்மா எடைதான். வெளியே இன்னும் 20 சதவீதம் குழாயைக் கொட்டினாலும் துகளோட நடுப்பகுதிக்கும் குழாய்க்கும் இருக்கிற தூரம் அப்படியேதான் இருக்கும்.

பாலிமர் குழாய் மேல உறையா வளர்ந்தா அந்தத் தூரம் எவ்வளவுன்னு கணக்கே போட்டுப் பார்க்கலாம். பாலிமர் அடர்த்தி 1.4, குழாய் 2.0 கிராம்/க.செ.மீ.ன்னு வைச்சுக்குவோம். 15 நானோமீட்டர் விட்டம் உள்ள குழாய்ல பாலிமர் 70, குழாய் 30 எடைன்னா கனஅளவு விகிதம் 0.50க்கு 0.15. வெளி ஆரம் 7.5 × √(1 + 3.33) = 15.6 நானோமீட்டர். உறை 8 நானோமீட்டர். அதே குழாய்ல 90:10 போனா உறை 20 நானோமீட்டர். 40 நானோமீட்டர் விட்டம் உள்ள தடிச்ச குழாய் வாங்கினீங்கன்னா 70:30லயே 22 நானோமீட்டர் ஆயிடும். அதாவது தடிச்ச குழாய் 30 சதவீதம் போடறதும் மெல்லிய குழாய் 10 சதவீதம் போடறதும் கிட்டத்தட்ட ஒண்ணு. சதவீதத்தை முடிவு பண்றதுக்கு முன்னாடி விட்டத்தைப் பாருங்கன்னு சொல்றது இதனாலதான்.

ஒற்றைச்சுவர் குழாய்னா இந்தக் கணக்கு இன்னும் அழகா வரும், ஆனா அது கட்டுக்கட்டாத்தான் இருக்கும். கட்டைப் பிரிக்காம கணக்கு மட்டும் போட்டுப் பிரயோஜனம் இல்லை.

1 கிராம் 70:30 கலவைக்குச் செய்முறை:

0.300 கிராம் பல்சுவர் குழாய் (10–20 நானோமீட்டர் விட்டம்), அமிலத்துல போடாதது, 120 மி.லி. நீர் நீக்கிய என்எம்பில. புரோப் சோனிகேட்டர், பீக்கரைச் சுத்தி ஐஸ், 2 விநாடி ஓட்டம் 2 விநாடி ஓய்வு, மொத்தம் அரை மணி நேரம். ரெண்டு விஷயத்துல ஜாக்கிரதை. அதிகம் ஓட்டினா குழாய் துண்டாகும், வலைப்பின்னல் போயிடும். என்எம்பி தானே அல்ட்ராசவுண்டுல சிதையும். குழாய் இல்லாத வெறும் என்எம்பியை அதே நேரம் ஓட்டிப் பாருங்க, மஞ்சளாச்சுன்னா சூடு ஏறுது, ஐஸ் போதலைன்னு அர்த்தம். போதுமான்னு தெரிஞ்சுக்க ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டுல வைச்சு சாதாரண நுண்ணோக்கில பாருங்க. கண்ணுக்குத் தெரியற கட்டி இருக்கக் கூடாது.

இதை மூணு கழுத்துக் குடுவைக்கு மாத்தி, 0.642 கிராம் என்டிசிடிஏ சேர்த்து, 80 டிகிரில ஒரு மணி நேரம் கலக்குங்க. இந்தப் படியைத் தாண்டிப் போகாதீங்க. தட்டையான நாப்தலீன் மூலக்கூறு குழாய்ச் சுவர்ல ஒட்டிக்கிற நேரம் இது. பாலிமர் குழாய் மேல முளைக்கிறதுக்கு விதை. பிறகு 60 டிகிரிக்குக் கீழே இறக்கி, 0.144 கிராம் எத்திலீன்டையமீனை 10 மி.லி. என்எம்பில கரைச்சு அரை மணி நேரம் சொட்டுச் சொட்டா விடுங்க. சொட்டு விழற முனை திரவத்துக்குள்ள இருக்கட்டும். இந்த நேரத்துல நைட்ரஜன் மெதுவா இருக்கணும், இல்லைன்னா டையமீனை அடிச்சுக்கிட்டுப் போயிடும். ஒரு மணி நேரம் கலக்கின பிறகு கொஞ்சம் கொஞ்சமா ரிஃப்ளக்சுக்கு ஏத்துங்க. அப்போ நைட்ரஜனைக் கூட்டலாம். வளையம் மூடறப்போ வர்ற நீராவியை அது வெளியே கொண்டுபோகும். 6 மணி நேரம். இந்த நேரத்துல பாதியிலேயே மேல்திரவம் தெளிஞ்சு, கறுப்பு எல்லாம் அடியில உட்கார ஆரம்பிச்சா நல்ல அறிகுறி.

சூடா இருக்கும்போதே 0.45 மைக்ரான் பிடிஎஃப்இ (டெஃப்லான்) வடிதாள்ல வடிகட்டுங்க. பிவிடிஎஃப் வடிதாளை எடுத்துடாதீங்க, என்எம்பில கரைஞ்சு உங்க பொருளோடவே சேர்ந்துக்கும். சூடான என்எம்பியால வடிநீர் நிறமில்லாம வர்ற வரைக்கும் கழுவணும், பிறகு எத்தனால். எத்தனால் மட்டும் போதாது; ஒலிகோமரைக் கரைச்சு எடுக்கிறது சூடான என்எம்பிதான். 120 டிகிரி வெற்றிடத்துல உலர்த்தி, குழாய் உலைல நைட்ரஜன் ஓட்டத்துல நிமிஷத்துக்கு 2 டிகிரி ஏத்தி 300ல 8 மணி நேரம். ஏத்தறதுக்கு முன்னாடி அறை வெப்பத்துலயே ஒரு மணி நேரம் நைட்ரஜன் ஓடட்டும். ஆக்சிஜன் மிஞ்சினா எத்திலீன் இணைப்புதான் முதல்ல கருகும்.

என்எம்பியும் எத்திலீன்டையமீனும் தோல் வழியா உள்ளே போகும். என்எம்பி கருவுக்குக் கேடு. கையுறை, புகைக்கூண்டு ரெண்டும் இல்லாம தொடாதீங்க.

கடைசியில எடை போடுங்க. 1 கிராம் வரலைன்னா குறைஞ்சது பாலிமர்தான். உதாரணமா 0.85 கிராம் வந்தா அதுல பாலிமர் 0.55, அதாவது 65 சதவீதம். 70ன்னு நினைச்சுக் கொள்ளளவைக் கணக்குப் போட்டா ஆரம்பத்துலயே தப்பாயிடும்.

அமிலத்துல போடாததுன்னு சொன்னதுக்குக் காரணம்: நைட்ரிக்–சல்பியூரிக் கலவை குழாயை நல்லாப் பரப்பும், ஆனா சுவர்ல ஓட்டை போடும், கடத்தலைக் குறைக்கும். ஒட்டியிருக்கிற ஆக்சிஜன் தொகுதிகள் தனியாவே கொள்ளளவு காட்டும். எது பாலிமர், எது குழாய்னு பிரிக்க முடியாது. குழாய்ல வினையூக்கி இரும்பு அதிகம் இருந்தா ஹைட்ரோகுளோரிக் அமிலத்துல கலக்கிக் கழுவினாப் போதும்.

கலம்_கட்டுபவர்:

மிக்க நன்றி. எஃப்டிஐஆர் பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன்: 1540 அருகே மேடு தெளிவாக இருக்கிறது, 1780இல் சின்ன முனையும் இருக்கிறது. அமீன் பாட்டில் மூடியிலும் வெள்ளைத் தூள்.

இரண்டு சந்தேகம். பாலிமர் எத்தனை சதவீதம் என்று டிஜிஏ (சூடாக்கி எடை இழப்பை அளப்பது) வைத்து உறுதி செய்யலாமா? எலக்ட்ரோலைட்டை ஈதருக்கு மாற்றினால் கரைதல் குறையுமா, கூடுமா? இரண்டு விதமாகவும் படிக்க நேர்கிறது.

ஓம்_மீட்டர்:

டிஜிஏ இங்கே ஏமாற்றும். நைட்ரஜனில் பாலிஇமைடு 450 டிகிரிக்கு மேல் சிதைந்து, கணிசமான கரியை மிச்சம் வைக்கும்; மிஞ்சியதை எல்லாம் நானோகுழாய் என்று எண்ணினால் பாலிமரைக் குறைத்துக் கணக்கிடுவீர்கள். காற்றில் எரித்தால் குழாயில் மிஞ்சிய உலோகம் வினையூக்கியாகி இரண்டு எரிதலையும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

தனிம ஆய்வுதான் நம்பகமானது. குழாயில் நைட்ரஜன் ஏறக்குறைய இல்லை. உங்கள் பாலிமரின் ஓர் அலகு 292.25 கிராம்/மோல், அதில் நைட்ரஜன் 28.01. ஆக 9.58 சதவீதம். கலவையில் அளந்த நைட்ரஜன் சதவீதத்தை 9.58ஆல் வகுத்தால் பாலிமர் பங்கு கிடைத்துவிடும். 70:30 என்றால் 6.71 வர வேண்டும். 65 என்றால் 6.2. ஓர் எச்சரிக்கை: என்எம்பியில் நைட்ரஜன் 14 சதவீதம் இருக்கிறது, சரியாக உலராத மாதிரியில் அது பாலிமரைக் கூட்டிக் காட்டும். 300 டிகிரி படி முடிந்த பிறகே மாதிரி அனுப்புங்கள்.

இனி கொள்ளளவுக் கணக்கு. இந்தத் துறையில் வரும் பெரிய எண்களில் பலவற்றின் மீது எனக்கு நம்பிக்கை குறைவு. ஏன் என்று சொல்கிறேன். நானோகுழாய்க்கென்று ஒரு இரட்டை அடுக்கு மின்தேக்கம் (பரப்பில் அயனிகள் ஒட்டுவதால் வரும் சேமிப்பு) இருக்கிறது. பல்சுவர் குழாயில் கிராமுக்கு 25 ஃபாரட் என்று எடுத்துக்கொண்டால், 2 வோல்ட் வரம்பில் 25 × 2 ÷ 3.6 = 14 மி.ஆ.மணி/கிராம் குழாய். 70:30 கலவையில் பாலிமர் கிராமுக்கு இது 6 ஏற்றும், 50:50இல் 14 ஏற்றும். அமிலத்தில் போட்ட குழாய் என்றால் ஆக்சிஜன் தொகுதிகளும் சேர்ந்து பல மடங்கு ஏறும். 183க்கு மேல் கொள்ளளவு காட்டும் வரைபடத்தைப் பார்த்தால் குழாயின் பங்கு கழிக்கப்பட்டதா என்று முதலில் தேடுங்கள். நீங்கள் செய்ய வேண்டியது: பாலிமர் இல்லாமல், அதே குழாயை அதே சோனிகேஷன், அதே 300 டிகிரி வழியாக நடத்தி ஒரு வெற்று எலக்ட்ரோடு செய்து, அதே வரம்பில் ஓட்டிக் கழிக்க வேண்டும்.

உங்கள் 128இல் குழாயின் பங்கு சின்னதுதான், 5க்குள். ஆகவே அது உண்மையாகவே பாலிமரின் குறை. கரைந்து போனதா, தொடர்பே இல்லாமல் கிடக்கிறதா என்பதைப் பிரிக்க ஒரு சோதனை போதும். 92க்கு விழுந்த கலத்தை அப்படியே சி/20க்கு இறக்கி மூன்று நான்கு சுற்று ஓட்டுங்கள். 140, 150க்கு எழுந்தால் பொருள் உள்ளே இருக்கிறது, எலக்ட்ரான்தான் போய்ச் சேரவில்லை. 92–100இலேயே நின்றால் பொருள் போய்விட்டது. பிறகு அதே கேத்தோடைப் புதிய லித்தியம், புதிய எலக்ட்ரோலைட்டோடு மறுபடி பூட்டுங்கள். அப்போது எழுந்தால் குற்றம் லித்தியம் பக்கம்.

சுயமின்னிறக்கமும் பாருங்கள். 3.5 வோல்ட்டுக்கு ஏற்றி, 48 மணி நேரம் சும்மா விட்டு, டிஸ்சார்ஜ் செய்யுங்கள். கரையும் ஒலிகோமர் இருந்தால் இதில் மறைக்க முடியாது. சுற்றுக் கணக்கில் நல்லதாகத் தெரியும் கலங்கள் கூட இங்கே விழும்.

சி/5 என்றால் பாலிமர் கிராமுக்கு 36.6 மில்லிஆம்பியர். 12 மி.மீ. வட்டின் பரப்பு 1.13 சதுர செ.மீ.; பூச்சு சதுர செ.மீ.க்கு 1.5 மி.கி. என்றால் மொத்தம் 1.7 மி.கி., பாலிமர் 1.02 மி.கி., மின்னோட்டம் 37 மைக்ரோஆம்பியர். இவ்வளவு சின்ன எடையில் தகட்டின் எடை வேறுபாடே 10 சதவீதப் பிழை கொண்டுவரும். வெறும் தகட்டு வட்டுகள் பத்தை எடை போட்டு, எவ்வளவு சிதறுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குழாயை 30, 40, அதற்கு மேலும் ஏற்றும் எண்ணத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 70 சதவீதப் பாலிமர், 183, சராசரி 2.5 வோல்ட்: கலவை கிலோவுக்கு 320 வாட்மணி. 50 சதவீதம் என்றால் 229. லித்தியம் இரும்பு பாஸ்பேட் 160 மி.ஆ.மணி, 3.4 வோல்ட், 92 சதவீதப் பங்கோடு 500 தருகிறது. குழாயில் இழக்கும் ஒவ்வொரு சதவீதமும் ஏற்கனவே பின்தங்கிய எண்ணிலிருந்து போகிறது. அடர்த்தியும் குறைவு என்பதால் கனஅளவுக் கணக்கு இன்னும் மோசம். இந்தப் பொருட்களின் பலம் வேறு இடத்தில்: வேகம், கோபால்ட்–நிக்கல் தேவையின்மை, சோடியம், மக்னீசியம் போன்ற அயனிகளையும் ஏற்கும் தன்மை. அதற்கு மெல்லிய உறையோடு 70க்குக் குறையாத பாலிமர் வேண்டும்.

இமைடு_வளையம்:

எலக்ட்ரோலைட் கேள்விக்கு: இரண்டு விதமாகவும் படிக்க நேர்வதற்குக் காரணம் பொருள் மாறுவது. ஈதர்கள் சிறு மூலக்கூறுகளை நன்றாகவே கரைக்கும். ஒலிகோமர் மிஞ்சிய உங்கள் இப்போதைய பாலிமருக்கு ஈதர் ஊற்றினால் கரைதல் கூடும். ஒழுங்காகக் கழுவிச் சூடாக்கிய பாலிமருக்கு 1 மோலார் லித்தியம் டிஎஃப்எஸ்ஐ உப்பு, ஈதர்களான டையாக்சோலேன் – டைமெத்தாக்சிஈத்தேன் 1:1 நன்றாக வேலை செய்யும். ஒடுங்கிய கார்பனைல் எதிரயனிகள் கார்பனேட்டைத் தாக்கும் வாய்ப்பு அங்கே இல்லை, லித்தியமும் ஈதரில் அமைதியாக இருக்கும். உப்பை 3 மோலாருக்கு ஏற்றினால் கரைக்கத் தனியாக மிஞ்சும் ஈதர் மூலக்கூறுகள் குறையும், கரைதலும் குறையும். பதிலுக்குப் பாகு போல் ஆகி வேகம் போகும்.

மாற்றும்போது மூன்று இடத்தில் கவனம். உங்களிடம் இருக்கும் ஹெக்சாஃப்ளூரோபாஸ்பேட் உப்பை டையாக்சோலேனில் கலக்க வேண்டாம். அந்த உப்பிலிருந்து வரும் லூயிஸ் அமிலம் வளையத்தைத் திறந்து டையாக்சோலேனையே பாலிமராக்கி ஜெல்லாக்கிவிடும். டிஎஃப்எஸ்ஐ உப்பு 3.8 வோல்ட் பக்கம் போனால் அலுமினியத்தை அரிக்கும், உங்கள் 3.5 வரம்பு பாதுகாப்பானது, அதைத் தாண்டாதீர்கள். லித்தியம் நைட்ரேட் சேர்த்தால் அது 1.7 வோல்ட் அருகே கார்பன் மேல் ஒடுங்கும். நானோகுழாயின் பரப்பு பெரியது என்பதால் அந்த வினையும் பெரியது. நைட்ரேட் இருந்தால் கீழ் வரம்பை 1.8க்கு ஏற்றுங்கள், இல்லையென்றால் கூடாத கொள்ளளவு கூடியதாகத் தெரியும்.

கீழ் வரம்பைப் பற்றி இன்னொன்று. நான்கு கார்பனைல் இருக்கிறதே, நான்கு எலக்ட்ரான் எடுத்து 367 பார்க்கலாமே என்று 1.5க்குக் கீழே இறங்க வேண்டாம். இரண்டு எலக்ட்ரான் ஏறியதும் மூலக்கூறு எதிர்மின் விலக்கத்தில் நிற்கிறது. அதற்கு மேல் திணித்தால் கட்டமைப்பு உடைந்து அடுத்த சார்ஜில் திரும்பாது.

உயர் வோல்ட் வேண்டும் என்பவர்கள் 2002இல் ஜப்பானின் என்இசி ஆய்வாளர்கள் கொண்டுவந்த நைட்ராக்சைடு ரேடிக்கல் பாலிமர் பக்கம் போகலாம்: 3.6 வோல்ட், ஆனால் 111 மி.ஆ.மணி/கிராம்தான். அங்கே டையாக்சோலேன் தாங்காது, கார்பனேட்டுக்கே திரும்ப வேண்டும். ஆந்த்ராகுவினோன் சல்பைடு பாலிமர் 225 தரும், 2.2 வோல்ட் அருகே. நானோகுழாய் உறைக் கணக்கு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

கலம்_கட்டுபவர்:

கடைசியாக இரண்டு. 300 டிகிரி நைட்ரஜன் உலை உடனே கிடைக்காது. வெற்றிட அடுப்பு 200 வரைதான் போகும். அதை வைத்துத் தொடங்கலாமா? பைண்டருக்கு என்ன மாற்று?

கரிக்குழல்:

200ல 24 மணி நேரம் வெற்றிடத்துல வைச்சு, திரும்பவும் சூடான என்எம்பியால கழுவி, மறுபடி உலர்த்துங்க. 1540 மேடு போயிடுச்சான்னு எஃப்டிஐஆர்ல பாருங்க. போகலைன்னா உலை கிடைக்கிற வரைக்கும் சுற்று ஓட்டாதீங்க. ரிஃப்ளக்ஸ் நேரத்தையும் கூட்டலாம். நாப்தலீன் இமைடுகளுக்கு வளையம் மூட பென்சாயிக் அமிலத்தை வினையூக்கியாப் போடற வழக்கம் உண்டு; போட்டா எத்தனால்ல கூடுதலாக் கழுவணும், மிஞ்சினா லித்தியத்தைத் தின்னும்.

பைண்டரையே விட்டுடலாம். கலவையை 300க்கு ஏத்தறதுக்கு முன்னாடி 20 மி.கி. எடுத்து 40 மி.லி. எத்தனால்ல பரப்பி, பிடிஎஃப்இ வடிதாள்ல வெற்றிடத்துல வடிகட்டுங்க. வடியற வட்டம் 40 மி.மீ. விட்டம்னா 12.6 சதுர செ.மீ., பூச்சு சதுர செ.மீ.க்கு 1.6 மி.கி. உங்க இப்போதைய அளவுதான். காய்ந்ததும் வடிதாள் மேல படிஞ்ச கறுப்புத் தாளை உரிச்சு, ரெண்டு கிராஃபைட் தகட்டுக்கு நடுவுல வைச்சுச் சூடாக்குங்க, இல்லைன்னா சுருண்டுக்கும். 70 சதவீதப் பாலிமர், கார்பன் பிளாக் இல்லை, பிவிடிஎஃப் இல்லை, அலுமினியம் இல்லை. காயின் செல்லுல துருப்பிடிக்காத எஃகு ஸ்பேசர் மேலயே நேரா வைச்சிடலாம். இது ஸ்பாஞ்சு மாதிரி எலக்ட்ரோலைட்டைக் குடிக்கும். 60–80 மைக்ரோலிட்டர் விட்டு, பூட்டினதும் ஆறு மணி நேரம் ஊற விடுங்க.

வட்டு வெட்டும்போது ஓரம் நொறுங்கினா பாலிமர் ஏறிப்போச்சுன்னு அர்த்தம், 65:35க்கு வாங்க. பூச்சுதான் வேணும்னா கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் – எஸ்பிஆர் ரப்பர் பால், தண்ணில. 120 டிகிரி வெற்றிடத்துல 12 மணி நேரம் உலர்த்தாம குளோவ் பாக்சுக்குள்ள கொண்டுபோகாதீங்க.

ஓம்_மீட்டர்:

ஒன்று விட்டுப்போனது. இந்தக் கேத்தோடில் லித்தியம் கிடையாது, பூட்டியபோதே சார்ஜ் ஆன நிலையில்தான் இருக்கிறது. திறந்த சுற்றில் 3 வோல்ட் அருகே காட்டும். சோதனைக் கருவியின் நிரலில் முதல் படி டிஸ்சார்ஜாக இருக்கட்டும். பல கருவிகளில் முன்னிருப்பு சார்ஜில்தான் தொடங்கும். அது முதல் சுற்றில் வீணாக 3.5க்கு ஏற்றி, கூலம்பிக் திறனைத் தாறுமாறாக எழுதிவிடும். கிராஃபைட்டோடு முழுக் கலம் கட்டும் நாள் வந்தால், கிராஃபைட்டுக்கு முன்கூட்டியே லித்தியம் ஏற்றித்தான் பூட்ட வேண்டும். புதிய தாளில் சி/20 முதல் டிஸ்சார்ஜ் வளைவையும் வெற்றுக் குழாய் வளைவையும் ஒன்றாகப் போடுங்கள், பார்க்கலாம்.